".45 ஏசிபி நேராகப் போடலாம்" என்று விற்ற வெப்லி ரிவால்வர்: 860 டாலர் போயிற்று, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று விட்டால் அதற்குள் இன்னொருவர் பணத்தைக் கட்டிவிடுவார். அதே விற்பனையாளரின் பக்கத்தில், அதே வாசகத்தோடு, இன்னொரு துப்பாக்கி இந்த நிமிடமும் ஏலத்தில் நிற்கிறது.

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளை ஏலம் விடும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயர் வேண்டாம். விற்றவர் அங்கே பிரிட்டிஷ் சரக்கு மட்டும் விற்கும் சிறு வியாபாரி. பொருள், வெப்லி மார்க் 6 ரிவால்வர். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஒரிஜினல் நிலை. .45 ஏசிபி தோட்டாவை மூன் கிளிப்பில் மாட்டி நேராகப் போடலாம். கடையில் கிடைக்கும் எந்த .45 ஏசிபியும் ஓடும்." (மூன் கிளிப் என்பது தோட்டாக்களைச் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் தகடு.) துப்பாக்கிக்கு 780, அனுப்பும் செலவு 45, உரிமம் பெற்ற டீலரிடம் பெயர் மாற்ற 35. ஆக 860 டாலர். அந்த மூன்று வாக்கியத்தில் முதலாவது பொய். இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, ஆளின் விரல்களையே கொண்டுபோகக்கூடிய பொய்.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வியாபாரம் முழுக்க நம் அறியாமையை நம்பித்தான் நடக்கிறது.

மார்க் 6 என்பது 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரிவால்வர். 6 அங்குலக் குழல், மேலே கொக்கியைத் தள்ளினால் நடுவில் மடிந்து திறக்கும் அமைப்பு. இதன் தோட்டா .455 வெப்லி. அதில் 265 கிரெய்ன் எடையுள்ள மெத்தென்ற ஈயக் குண்டு, வினாடிக்குச் சுமார் 600 அடி வேகத்தில்தான் போகும். கனமான குண்டு, மெதுவான வேகம், குறைந்த அழுத்தம். துப்பாக்கியின் சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை), கொக்கி, கீல் எல்லாமே இந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டவை.

.45 ஏசிபி வேறு குடும்பம். அது தானியங்கி பிஸ்டலுக்குப் பிறந்த தோட்டா. 230 கிரெய்ன் குண்டு, தாமிர உறை போட்டது, வேகம் 830 அடியை ஒட்டி. பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கிடையாது. விளிம்புக்குப் பதிலாக ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். ரிவால்வரின் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் தோட்டாவின் விளிம்பைப் பிடித்துத்தான் வெளியே தள்ளும். விளிம்பு இல்லாத தோட்டாவை அது பிடிக்காது.

இந்தச் சிக்கலுக்கு முதல் உலகப் போரிலேயே தீர்வு கண்டார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு .45 ஏசிபி போடும் 1911 பிஸ்டல் போதுமான எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தங்கள் பெரிய ரிவால்வர்களை .45 ஏசிபிக்கு மாற்றிக் கொடுத்தன. அவைதான் மாடல் 1917. மூன்று தோட்டாக்களைப் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கும் அரைவட்டத் தகடு, அதாவது ஹாஃப் மூன் கிளிப், அப்போது வந்ததுதான். இரண்டு தகடு போட்டால் ஆறு தோட்டா. எக்ஸ்ட்ராக்டர் தகட்டைத் தள்ளும், தகடு தோட்டாக்களை இழுத்துக்கொண்டு வரும். ஆறையும் ஒரே தகட்டில் மாட்டும் முழு மூன் கிளிப் பிறகு வந்தது. 1920-ல் பீட்டர்ஸ் நிறுவனம் .45 ஆட்டோ ரிம் என்று தடித்த விளிம்பு வைத்த தோட்டாவையே கொண்டுவந்தது. அதன் விளிம்பு சுமார் 0.09 அங்குலம். கிளிப் நிற்கும் இடைவெளியை அந்தத் தடிமன் அப்படியே நிரப்பிவிடும்.

அந்த 0.09 அங்குலத்தில்தான் வெப்லி மோசடி ஒளிந்திருக்கிறது. .455-இன் விளிம்பு மெலிது, ஏறத்தாழ 0.04 அங்குலம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வெப்லியில் சிலிண்டரின் பின்முகத்துக்கும் பின்தகட்டுக்கும் நடுவே அந்த மெல்லிய விளிம்புக்கு மட்டும்தான் இடம். கிளிப்பில் மாட்டிய .45 ஏசிபியைப் போட்டால் துப்பாக்கி மூடவே மூடாது. மூட வேண்டுமென்றால் சிலிண்டரின் பின்முகத்தைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கழித்துவிடப்பட்ட வெப்லிகள் அமெரிக்காவுக்குக் குவிந்தபோது இங்கே .455 தோட்டா அரிது, .45 ஏசிபி எங்கும் கிடைத்தது. இறக்குமதி செய்தவர்கள் விற்பனைக்காகச் சிலிண்டர்களைச் சீவித் தள்ளினார்கள். ஆகவே ".45 ஏசிபி போடலாம்" என்பதும் "ஒரிஜினல் நிலை" என்பதும் ஒரே வெப்லிக்குப் பொருந்தவே முடியாது. விளம்பரத்திலேயே பொய் எழுத்துக்கூட்டி நிற்கிறது.

சீவியது மட்டும் என்றால் சேகரிப்பு மதிப்பு போனதோடு முடிந்திருக்கும். ஆபத்து அழுத்தத்தில் இருக்கிறது. .455-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏசிபிக்கு 21,000. துப்பாக்கிகளைச் சோதிக்க விதி வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான சி.ஐ.பி.யின் விதிப்படி கைத்துப்பாக்கியைச் சோதிக்கும் தோட்டாவே உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம்தான் கூடுதல். .455-க்கு அந்தக் கணக்குப் போட்டால் 17,000 வரும். அதாவது, தாங்குமா என்று சோதிக்க வெடிக்கும் தோட்டாவைவிடக் கடையில் வாங்கும் சாதாரண .45 ஏசிபி பலமாக இருக்கலாம். சோதனையில் ஓரிரு முறை செய்வதை இவர்கள் ஒவ்வொரு சுடுதலிலும் செய்யச் சொல்கிறார்கள், அதுவும் நூறு வயதை ஒட்டிய இரும்பில்.

எங்கே உடையும்? சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை, அதாவது சேம்பர், ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கச் சுவர் மெலிது. ஆறு தோட்டாச் சிலிண்டரில் அதை நிறுத்திப் பிடிக்கும் வெட்டுப் பள்ளங்கள் அந்த மெல்லிய சுவரின் மேலேயே விழும். விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அடுத்தது மேல்கொக்கியும் கீழ்க்கீலும். மடியும் துப்பாக்கியில் குழலையும் பின்பகுதியையும் பிடித்து வைத்திருப்பது அவை இரண்டுதான். மிகை அழுத்தத்தில் அவை மெல்ல மெல்ல நீளும், தேயும், பூட்டிய பிறகும் குழல் ஆடும். "என் தாத்தா ஆயிரம் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை: உலோகச் சோர்வு ஒவ்வொரு சுடுதலிலும் சேர்ந்துகொண்டே போகும், முன்னறிவிப்புத் தராது. அந்த ஆயிரம் எந்தத் தோட்டா என்றும் யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஏலம் முடியும் முன் எழுத்திலேயே கேள்வி போயிற்று: சிலிண்டர் சீவப்பட்டதா, விரிசல் இருக்கிறதா, பூட்டு ஆடுகிறதா. பதில் உடனே வந்தது, அதுவும் அத்தனை இனிமையாக. "நான் பல வருஷமாக வெப்லி மட்டும்தான் விற்கிறேன். இதில் நானே ஒரு பெட்டி .45 ஏசிபி சுட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. சிலிண்டர் தொழிற்சாலை நிலை." கூடவே ஆறு மூன் கிளிப் இலவசம். தெரிந்த ஆள், சுட்டுப் பார்த்த ஆள், எழுதிக் கொடுக்கிற ஆள். 860 டாலர் அந்த மூன்று வரியில் போயிற்று.

துப்பாக்கி டீலரிடமிருந்து நேராகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் மேசைக்குப் போனது. ஒரு தோட்டாகூடப் போடவில்லை. அவர் பார்த்ததும் சொன்னது, சிலிண்டர் பின்முகத்தில் கடைசல் வட்டங்கள் தெரிகின்றன, நீலப்பூச்சு இல்லை, எக்ஸ்ட்ராக்டரும் சேர்த்துச் சீவப்பட்டிருக்கிறது. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து இடைவெளி அளந்தால் .455-க்கு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சிவப்புச் சாய ஊடுருவல் சோதனை செய்தார். ஒரு சேம்பரின் வெட்டுப் பள்ளத்தில் மயிரிழை விரிசல். பூட்டிய நிலையில் குழல் ஆடுகிறது. இலவசக் கிளிப்புகளில் இரண்டு வளைந்தவை. வளைந்த கிளிப் பின்தகட்டில் உரசும், சிலிண்டர் சுற்றாது, சுத்தியல் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் நிற்கும். அதைக்கூடச் சரிபார்த்து அனுப்பவில்லை.

பிறகு ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. முதல் பதில்: "சீவியது எல்லா வெப்லியிலும் உண்டு, அது குறையல்ல." தொழிற்சாலை நிலை என்று எழுதிய கை அதே கைதான். இரண்டாவது: "விரிசல் நீங்கள் சுட்டதால் வந்தது." சுடவே இல்லை என்று கன்ஸ்மித் கையெழுத்திட்ட குறிப்பு அனுப்பினால் அதற்குப் பதிலே இல்லை. ஒரு பெட்டி .45 ஏசிபி சுட்டதாக எழுதியவர் அவர்தான் என்று அவருடைய கடிதத்தையே திருப்பி அனுப்பியதற்கும் பதில் இல்லை. மூன்றாவது: "பார்த்துத் திருப்பும் காலம் 3 நாள், பெட்டி டீலர் கடைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, முடிந்துவிட்டது." பின்னணிச் சரிபார்ப்பு தாமதமானால் டீலர் 3 வேலை நாள்வரை துப்பாக்கியைக் கையில் தர மாட்டார் என்பது துப்பாக்கி விற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். காலத்தை அப்படி எண்ணினால் திருப்பும் உரிமை காகிதத்தில் மட்டும்தான். தளத்துக்குப் புகார் கொடுத்தால் அச்சடித்த பதில்: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நாங்கள் வருவதில்லை. தங்கள் கமிஷனை எடுக்கும்போது மட்டும் நடுவே வந்தார்கள். கடைசியாக விற்றவர் பெருந்தன்மையோடு சொன்னது, "வேண்டுமானால் 50 டாலர் தருகிறேன், மதிப்பீட்டில் நட்சத்திரம் குறைக்காதீர்கள்." 860 டாலருக்கு 50 டாலர், வாயை மூட. மாற்றுச் சிலிண்டர் தேடினால் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தி, சேம்பர் குழலோடு நேராக நிற்கிறதா என்று பார்த்து, இடைவெளி அளந்துதான் போட முடியும். துப்பாக்கி இப்போது சுவரில் மாட்டும் இரும்பு, அவ்வளவுதான்.

மூன் கிளிப்போடு பிஸ்டல் தோட்டா போடும் ரிவால்வர் எல்லாமே ஆபத்து என்று இதைப் படித்துவிட்டு யாரும் ஓட வேண்டாம். 1917 மாடல்களும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625-ம், ரூகர் எல்சிஆரின் 9 எம்எம் வடிவமும் அந்தத் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டவை. ரூகர் பிளாக்ஹாக்கில் .357-க்கும் 9 எம்எம்முக்கும் தனித்தனிச் சிலிண்டர் வரும். அதில் ஒவ்வொரு கூட்டையும் உள்ளிருந்து கம்பி தள்ளுவதால் கிளிப்பே வேண்டாம். துப்பாக்கியின் மேல் தயாரிப்பாளர் பொறித்த தோட்டா எதுவோ அதைப் போட்டால் வம்பில்லை. பிறகு யாரோ சீவியும் துளைத்தும் மாற்றியவைதான் வம்பு. .357 சேம்பரை 9 எம்எம்முக்குத் துளைத்து "இரண்டும் ஓடும்" என்று விற்பதும் இதே ரகம்தான். 9 எம்எம் கூட்டின் அடி 0.391 அங்குலம், .357-இன் உடல் 0.379. துளைத்த சேம்பரில் .357 சுட்டால் அடிப்பக்கம் உப்பும்.

அவசரமாகச் சில எச்சரிக்கைகள், இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை. வெப்லி விளம்பரத்தில் ".45 ஏசிபி" என்று கண்டாலே அது சீவிய சிலிண்டர் என்று எடுத்துக்கொண்டு அந்த விலைக்கு மட்டும் கேளுங்கள். சிலிண்டரின் பின்முகப் படம், வெட்டுப் பள்ளங்களின் படம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். டீலர் கடையிலேயே, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசுப் படிவம் 4473-ல் கையெழுத்துப் போடும் முன், மருந்தில்லாத போலித் தோட்டா மாட்டிய மூன் கிளிப்பை வைத்து மூடிப் பாருங்கள். மூடினால் சீவியது. அந்த நிலையில் டீலரே திருப்பி அனுப்பிவிடலாம், கையெழுத்துக்குப் பிறகு அது உங்கள் துப்பாக்கி. திருப்பும் காலம் எந்த நாளிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். சீவிய வெப்லி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடை .45 ஏசிபியை இன்றோடு நிறுத்துங்கள், .45 ஆட்டோ ரிம்மும் வெப்லிக்காகச் செய்யப்பட்டதல்ல. கன்ஸ்மித்திடம் சாயச் சோதனை செய்யாமல் எதையும் போடாதீர்கள். விரிசல் தெரிந்த சிலிண்டரை இன்னொருவருக்கு விற்காதீர்கள்.