காது இரைச்சலுக்குக் காந்த சிகிச்சை: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கொண்டலாம்பட்டிப் பக்கம் 26 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவன் நான். தறியை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியும் இடது காதில் 'கீ' என்ற ஒலி இரவு பகலாக ஓயவில்லை. என்னைப் போன்ற தறிக்காரர்கள் சேலத்தில் ஏராளமானோர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நகரில் உள்ள ஒரு தனியார் மையத்தில், மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுத்தால் பத்தே சிட்டிங்கில் இரைச்சல் அடியோடு நின்றுவிடும் என்று உறுதியளித்து, 45,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். காது கேட்கும் திறனைக்கூட அவர்கள் சோதிக்கவில்லை. வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் வைத்திருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்கவில்லை. எந்த அளவுத் தூண்டலில் கைக் கட்டைவிரல் துடிக்கிறது என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் தூண்டலின் வலிமையைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எட்டு வடிவக் கம்பிச் சுருளை (காயில்) இடது காதுக்குச் சற்று மேலே வைத்து, நொடிக்கு ஒன்று வீதம் 2,000 துடிப்புகள், அதாவது அரை மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தச் சுருள் 'டக்' என்று அடிக்கும். தறியில் நாடா (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) மோதும் ஓசையை இத்தனை காலம் கேட்டவனுக்கே அது காதைத் துளைத்தது. இந்தச் சிகிச்சையின்போது நோயாளியின் காதுகளை அடைத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே காது கெட்டுப்போய் வந்தவனுக்கு ஒரு பஞ்சுத் துண்டுகூடத் தரவில்லை என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஐந்தாவது சிட்டிங்குக்குப் பின் இரைச்சல் கூடியது. கேட்டதற்கு, இன்னும் பத்து சிட்டிங் எடுக்க வேண்டும் என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 2008-லேயே அனுமதி பெற்ற இந்த முறையை, காது இரைச்சலுக்கு வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அந்நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் கூறுகிறது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உண்மையான தூண்டல் பெற்ற 32 பேரில் 18 பேருக்கும், போலித் தூண்டல் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கொடுப்பதுபோல் பாவனை மட்டும் செய்வது) பெற்ற 32 பேரில் 7 பேருக்கும் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் 163 பேரைச் சேர்த்து ஜெர்மனியில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைக்கும் போலிக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆகவே இந்தச் சிகிச்சையையே மோசடி என்று நான் சொல்லவில்லை. பலன் உறுதியாகாத ஒன்றை உறுதி என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

இப்போது அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்து, கேட்கும் திறன் குறைந்திருப்பதைக் கண்டறிந்து, காதுக் கருவி பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஒலி போய்விடவில்லை, கருவி காதில் இருக்கும் நேரத்தில் அது பின்னுக்குப் போகிறது, பேத்தி பேசுவது கேட்கிறது. கட்டண ரசீதுடன் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்க இருக்கிறேன். இதேபோல் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் அளிக்க இரண்டு ஆண்டுகள்தான் காலக்கெடு.