பார்வைத்துளைக்கு அருகிலுள்ள சிறு சக்கரம்

பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, உங்கட கமராவைப் போல ஒண்டு கொழும்பில இருக்காம், பாவிச்சதுதான், வாங்கட்டோ?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு கண்களிலும் புரை; வலக்கண்ணுக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. அதே நிலையை ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் கடந்தவன் என்பதாலும், என் கமரா அன்றுதான் திருத்தத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது என்பதாலும், ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன்.

பார்வை குறைந்த ஒருவர் சிறிய கமராவில் முதலில் கவனிக்க வேண்டியது, காட்சியை எந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்படி அது கேட்கிறது என்பதைத்தான். பின்புறத் திரை மட்டும் உள்ள கமராவை முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். புரை நீக்கியபின் கண்ணுக்குள் வைக்கப்படும் செயற்கை வில்லை பெரும்பாலும் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு தரும். எனக்குத் தூரப்பார்வைக்கான வில்லையை வைத்தார்கள். ஆகவே திரையைப் பார்க்க எனக்கு வாசிப்புக் கண்ணாடி வேண்டும். அதை அணிந்தால் எதிரே நிற்கும் மனிதர் மங்கிவிடுவார். திருகோணமலையின் திருக்கடலூரில் கரைவலை இழுப்பவர்கள் மீன் சேர்ந்த வலைமடியைக் கரையேற்றும் அந்தச் சில நிமிடங்களில் கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக நான் இழந்த படங்கள் பல. வெயில் ஏறிவிட்டால் திரையில் என் சட்டையின் நிழலைத் தவிர எதுவும் தெரிவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் கண்கூச்சத்துக்காக, பளபளப்பைக் குறைக்கும் முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பல திரைகள் கமராவை நெடுக்காகத் திருப்பியதும் முற்றாக இருண்டுவிடும்.

இதனால்தான் கண்ணை ஒட்டிப் பார்க்கும் பார்வைத்துளை உள்ள கமராவைத் தேடி வாங்கினேன். அதன் அருகில் டயொப்டர் சக்கரம் என்ற சின்னஞ்சிறு பல்சக்கரம் இருக்கிறது. மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரையான பார்வைக் குறைபாட்டை அந்தச் சக்கரமே ஈடுசெய்துவிடும். கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். முதல் நாள் அதைச் சற்றுத் திருப்பியபோது, அக்கரையில் நின்ற வள்ளங்களின் விளிம்புகள் ஒவ்வொன்றாகக் கூர்மையாகின. நாற்பது வயதுக்குப் பின் நான் கண்ணாடி இல்லாமல் சட்டகமிட்டுப் பார்த்த முதல் காட்சி அது. அந்த மகிழ்ச்சியை எனக்குத் தந்த வேறு பொருள் எதுவும் இல்லை என்று உண்மையாகவே சொல்வேன்.

அந்தத் துளை கமராவின் வில்லை வழியே பார்ப்பதில்லை, அது தனியான ஒரு சிறு சாளரம். படம் குவிந்ததா என்பதை அதில் பார்த்து அறிய முடியாது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் கமரா இரண்டு முறை ஒலிக்கும். நான் அந்த ஒலியை நம்பியே எடுக்கிறேன். கடற்காற்றில் ஒலி கேட்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை, ஏனெனில் இவ்வகைக் கமராக்களில் ஒளியைப் படமாகப் பதியும் உணரி மிகச் சிறியது. அகலக் கோணத்தில் 2 மீற்றர் தூரத்துக்குக் குவித்தால் ஏறக்குறைய 1 மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவாகவே விழும். பெரிய கமராக்கள் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. துளையில் தெரிவதைவிடப் படத்தில் சற்றுக் கூடுதலாகவே பதிவதும் எனக்கு உதவிதான், ஓரத்தில் நான் காணத் தவறிய தலை வெட்டுப்படாமல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கி, வேண்டாததை ஆறுதலாக வெட்டிக்கொள்கிறேன்.

இனி அந்தச் சக்கரத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதற்குப் பூட்டு இல்லை. படமெடுக்கும் முறையைத் தெரிவுசெய்யும் பெரிய வட்டு ஒவ்வொரு படியிலும் 'டிக்' என்று நின்று விரலுக்குத் தன் இடத்தைச் சொல்கிறது. இந்தச் சக்கரமோ எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிச் செல்கிறது. பையிலிருந்து எடுக்கும்போது துணி உரசினால் போதும், அது திரும்பிவிடும். நல்ல கண் உள்ளவருக்கு இது ஒரு நொடி எரிச்சல். எனக்கு அது அப்படி இருக்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டாவது மாதம், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிழலில் படுத்திருந்தன. கமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். எல்லாம் பனிக்குள் இருந்தது. புரை நீக்கிய பின்னும் செயற்கை வில்லைக்குப் பின்னாலுள்ள மென்படலம் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மங்கக்கூடும் என்றும், மங்கினால் லேசர் கதிரால் அதைச் சரிசெய்யலாம் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். முதல் பாதி மட்டும்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கமராவை இறக்கி, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தேன். உச்சி வெயிலில் நீர் பளபளத்ததால் அங்கேயும் மங்கல் இருப்பதாகவே மனம் நம்பிவிட்டது. கோயிலுக்குப் போகாமல் வீடு திரும்பினேன். மனைவியிடமும் சொல்லவில்லை. விடியும்வரை தூங்காமல் கிடந்து, வெளிச்சம் வந்ததும் சுவரிலிருந்த நாட்காட்டியை வலக்கண்ணால் மட்டும் வாசித்துப் பார்த்தேன். திகதி தெளிவாகத் தெரிந்தது. கமராவுக்குள்ளால் பார்த்தேன், தெரியவில்லை. அப்போதுதான் சக்கரம் ஒரு முனைக்கே ஓடிப் போயிருந்ததைக் கண்டேன்.

தன் கண்ணையே முழுமையாக நம்ப முடியாத ஒருவருக்காகச் செய்யப்பட்ட உறுப்பு அது. அவருடைய சந்தேகத்தை அதுவே கிளப்பிவிடலாமா? இரண்டு பற்களுக்கு இடையே ஒரு சிறு தடை வைப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சக்கரம் இலகுவாகத் திரும்புவதால்தான், கிட்டப்பார்வையுள்ள என் மனைவி கன்னியா வெந்நீரூற்றில் பேரப்பிள்ளைகளைக் கண்ணாடி கழற்றிவிட்டு எடுக்க முடிந்தது. அதே இலகுவே திருத்தத்தின் பின் தொல்லையாயிற்று. உப்புக்காற்றில் இறுகிப்போன பொத்தானைச் சரிசெய்யக் கொடுத்தேன். பொத்தான் சரியாகி வந்தது, சக்கரம் முன்னிலும் தளர்ந்து வந்தது. கேட்டதற்கு, "ஐயா, இதில பிழை ஒண்டும் இல்லை, எல்லாம் வேலை செய்யுது" என்றார் திருத்தியவர். அவருடைய கண்ணுக்கு அது பிழையில்லைதான். ஒட்டுநாடா ஒட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர் வெக்கையில் பசை உருகி விரலில் ஒட்டியது. இப்போது எனக்குரிய இடத்தில் பேத்தியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய மெல்லிய இறப்பர் துண்டைச் சக்கரத்தோடு சேர்த்து இறுக்கியிருக்கிறேன். ஆறு நாட்களாக அசையவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். முதலில், சத்திரசிகிச்சைக்கு முன் எந்தக் கமராவும் வாங்க வேண்டாம். கண்ணின் வலு மாறிவிடும், இன்று பொருந்துவது அன்று பொருந்தாது. மைனஸ் 3ஐத் தாண்டிய கண் என்றால் இந்தச் சக்கரம் அதை எட்டவும் எட்டாது. கண்ணாடியோடு பார்க்க வேண்டிவரும், அப்போது துளையின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் இருந்தால், சோனி 2014இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100இன் மூன்றாம் பதிப்பைப் போல, மின்னணுப் பார்வைத்துளை மேலெழுந்து பின் உள்ளே மடங்கும் வகையைத் தேடுங்கள். சரிசெய்யும் நெம்புகோலும் அதோடு உள்ளே போய்விடும், பைத்துணி அதைத் தொடாது. குவிந்ததா என்பதையும் அதிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். மேசையில் என் கமரா இருக்கும். சிவப்புப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படாமல் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிப் பாருங்கள். ஆனால் அதை விலைக்குக் கேட்காதீர்கள், நான் கொடுக்க மாட்டேன்.