ட்ரிக் கத்துக்கொடுக்கறேன்னு நாயைக் கூட்டிட்டுப் போற ட்ரெயினர்கிட்ட ஏமாந்துட்டோம், சென்னை மக்களே ஜாக்கிரதை

சென்னைல நாய் வளர்க்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க, பெரிய பதிவுதான், ஆனா எங்க ஜாங்கிரிக்கு நடந்தது இன்னொரு நாய்க்கு நடக்கக்கூடாதுன்னுதான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன்.

ஜாங்கிரி நாட்டு நாய், ரெண்டு வயசு. மடிப்பாக்கத்துல எங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல மழைல நனைஞ்சிட்டு கிடந்த குட்டிய என் பொண்ணு தூக்கிட்டு வந்தா. சேட்டைன்னா அப்படி ஒரு சேட்டை, வீட்ல ஒரு செருப்ப விட்டு வைக்காது, ஆனா யார் வந்தாலும் உடம்பு மொத்தத்தையும் ஆட்டிக்கிட்டு ஓடிப்போய் மேல விழும். மே மாச லீவுல பொண்ணு ஒரே நச்சரிப்பு, "அம்மா ஜாங்கிரிக்கு ஹை-ஃபைவ் கத்துக்கொடுக்கலாம்மா, சுத்துறது, டுமீல்னு சொன்னா செத்த மாதிரி விழுறது எல்லாம் கத்துக்கொடுக்கலாம்மா"ன்னு. எனக்கும் இவருக்கும் வேலை, எப்படி கத்துக்கொடுக்கணும்னும் தெரியாது, அதனால இன்ஸ்டால தேடி ஒரு ட்ரெயினரப் பிடிச்சோம்.

அந்தாள் பேஜ் முழுக்க "பாசிட்டிவ் ட்ரெயினிங்", "அடி கிடையாது அன்பு மட்டும்தான்"னு எழுதியிருந்துச்சு. ஃபோன்லயும் தேன் ஒழுகப் பேசினார். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுங்களேன்னேன், "வீட்ல இருந்தா உங்களப் பாத்து செல்லம் கொஞ்சும் மேடம், கவனமே இருக்காது, ஈசிஆர்ல நம்ம இடத்துல 15 நாள் விடுங்க, பத்து ட்ரிக்கோட திருப்பித் தரேன்"னார். 18,000 ரூபா, முழுசா முன்னாடியே ஜிபேல. பில் கேட்டதுக்கு "முடிஞ்சதும் தரேன் மேடம்". நடுவுல ஒரு தடவை வந்து பாக்கலாமான்னா "ஓனர் மூஞ்சியப் பாத்தா கத்துக்கிட்டது எல்லாம் வீணாப் போயிடும்". எங்க அத்தை மட்டும் அன்னைக்கே சொன்னாங்க, வாயில்லா ஜீவன கண் மறைவா யார்கிட்டயும் விடாதம்மான்னு. நான் கேக்கல.

தினமும் வாட்ஸ்ஆப்ல ஒரு வீடியோ வரும், பதினஞ்சு செகண்ட், எல்லாத்துலயும் ஒரு பாட்டு போட்டிருப்பார். ஆறாவது நாளே ஜாங்கிரி டுமீல்னா பொத்துனு விழுந்துச்சு, பொண்ணு கை தட்டி தட்டி எல்லாருக்கும் காட்டினா. இப்போ அதே வீடியோவப் பாத்தா வயித்தப் பிசையுது. வால் ரெண்டு காலுக்கு நடுவுல சொருகியிருக்கு, காது பின்னாடி ஒட்டியிருக்கு, நாக்கால உதட்ட நக்கிக்கிட்டே இருக்கு, கண்ணு வெள்ளை தெரியுற அளவுக்கு பக்கவாட்டுல யாரையோ பாக்குது. இது எல்லாமே நாய் பயந்திருக்குன்றதுக்கு அடையாளம், அப்போ எனக்குத் தெரியல. பாட்டு எதுக்குன்னும் தோணல, அவர் போடுற சத்தமும் அது கத்துறதும் கேக்கக்கூடாதுன்னுதான் பாட்டுன்னு இப்போதான் புரியுது.

பதினாறாம் நாள் கார்ல கொண்டுவந்து விட்டார். கேட்டத் திறந்தா பாஞ்சு வர்ற நாய் அன்னைக்கு இறங்கி நின்ன இடத்துலயே நின்னுச்சு. பொண்ணு ஓடிப்போய் "ஹை-ஃபைவ்!"னு கைய மேல தூக்கினா பாருங்க, ஜாங்கிரி அப்படியே வயிறு தரைல ஒட்ட படுத்து கண்ண மூடிக்கிச்சு, அடியில ஈரம். பயத்துல மூத்திரம் போயிருக்கு. பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்தா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

சாயந்திரம் மடியில போட்டு தடவிக் கொடுக்கறப்போ கழுத்துல கை பட்டதும் விலுக்குனு இழுத்துக்கிச்சு. முடிய விலக்கிப் பாத்தேன். கழுத்த சுத்தி சுண்டுவிரல் அகலத்துக்கு முடியே இல்ல, தோல் செவந்து கன்னிப்போய், ரெண்டு இடத்துல காஞ்ச ரத்தம், ஓரத்துல துருக்கறை. மறுநாள் காலைல வேப்பேரி வெட்னரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பாத்தவுடனேயே இது இறுக்கிற சங்கிலி போட்டு இழுத்த காயம்னுட்டார், மூச்சுக்குழாய்க்கு ஒண்ணும் ஆகாதது நம்ம அதிர்ஷ்டம்னார்.

ஃபோன் பண்ணிக் கேட்டா ஒரு கூச்சமும் இல்லாம சொல்றார், "நாட்டு நாய் மேடம், கொஞ்சம் செயின் கரெக்‌ஷன் கொடுத்தாதான் வழிக்கு வரும், நீங்கதான் ஆல்ஃபா, அதாவது கூட்டத்த அடக்கி ஆளுற தலைவர்னு அதுக்குத் தெரியணும்"னு. அப்போ பாசிட்டிவ் ட்ரெயினிங்னு போட்டிருந்தீங்களேன்னா, "கடைசில பிஸ்கட் கொடுக்கறோம்ல". பணத்தத் திருப்பிக் கேட்டேன், பிளாக் பண்ணிட்டார்.

இந்த ஆல்ஃபா கதைய நம்பாதீங்க. 1947ல கூண்டுல அடைச்சு வச்ச ஓநாய்ங்கள வச்சு எழுதினதுல இருந்து கிளம்பினது அது, அப்புறம் டேவிட் மீச் காட்டுல வருஷக்கணக்கா ஓநாய்ங்கள ஆராய்ச்சி பண்ணிட்டு 1999ல எழுதினார், கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்கதான், சண்டை போட்டு தலைவனாகுற கதை இல்லன்னு. நாய் பயிற்சின்னா பரிசு கொடுத்துதான் கத்துக்கொடுக்கணும், முரட்டு நாயா இருந்தாலும் அப்படித்தான்னு அமெரிக்காவுல விலங்கு நடத்தை பாக்குற வெட்னரி டாக்டர்கள் சங்கமும் 2021ல அறிக்கையே விட்டிருக்கு. 1940கள்லயே ஸ்கின்னர்ங்கற உளவியல் அறிஞர்கிட்ட படிச்ச பிரேலண்ட் தம்பதி சத்தத்தையும் தீனியையும் மட்டும் வச்சு கோழிக்கே வித்தை கத்துக்கொடுத்திருக்காங்க, கோழி கழுத்துல யார் சங்கிலி போட்டா?

வேப்பேரி டாக்டர் சொன்னத வச்சு நாங்களே வீட்ல ஆரம்பிச்சோம், முதல் ரெண்டு வாரம் ட்ரிக்கே கிடையாது, பக்கத்துல உக்காந்து சிக்கன் போடுறது மட்டும்தான். அப்புறம் பாத்தா இது அவ்ளோ சுலபம், பதினெட்டாயிரத்த நினைச்சா நெஞ்சு எரியுது. காலைல எழுந்ததும் நாய் முன்னங்கால நீட்டி பின்பக்கத்த தூக்கி சோம்பல் முறிக்கும்ல, அந்த நொடியில "சூப்பர்"னு சொல்லி வாய்ல ஒரு துண்டு சிக்கன். தினமும். அது தானா செய்யுறதுதான், நாம பிடிச்சிக்கறோம், அவ்ளோதான். ஒரு வாரம் கழிச்சு அது நீட்டப் போறப்போ "கும்பிடு சாமி"ன்னு சொல்ல ஆரம்பிச்சோம், மூணாவது வாரம் அத்தை விளக்கேத்திட்டு கும்பிடு சாமின்னா இது பக்கத்துல குனிஞ்சு கும்பிடுது, வால் பம்பரமா சுத்துது! சுத்துறதுக்கு மூக்குகிட்ட தீனிய வச்சு மெதுவா ஒரு வட்டம் போட்டாப் போதும், மூக்கு போற பக்கம் உடம்பு போகும். "சூப்பர்" மட்டும் சரியான நொடியில வரணும், தாமதமானா எதுக்குப் பரிசுன்னு அதுக்குப் புரியாது. மூணு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க, சலிச்சுப்போய் எழுந்து போனா விட்டுடுங்க. சிக்கன் உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாம வேகவச்சு அரை கொண்டைக்கடலை அளவுக்கு பிச்சுக்கணும் (வெங்காயம் நாய்க்கு விஷம்), அந்த அளவ சாப்பாட்டுல குறைச்சிடணும். நம்ம ஊர் வெயிலுக்கு காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சிடுங்க.

அப்படியும் ட்ரெயினர் வேணும்னா உங்க கண்ணு முன்னாடி, உங்க வீட்ல செய்ய சொல்லுங்க. நாய் தப்பா செஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு நேரடியா கேளுங்க, "பரிசு கொடுக்க மாட்டேன், இன்னும் சுலபமாக்குவேன்"னு சொன்னா சரி, கரெக்‌ஷன், டிசிப்ளின்னு இழுத்தா வேணாம். வீடியோல பாட்டு இருந்தா பாட்டு இல்லாம அனுப்ப சொல்லுங்க. ட்ரிக்கப் பாக்காதீங்க, வாலப் பாருங்க.

புகார் கொடுக்கலாம்னு விசாரிச்சப்போதான் தெரிஞ்சது, விலங்கு வதைத் தடுப்பு சட்டத்துல நாய அடிச்சு கொடுமைப்படுத்தினா முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும்தானாம், 1960ல போட்ட தொகை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதனால பணத்துக்கு நுகர்வோர் பக்கம் போறேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணி பதிஞ்சாச்சு, நாம கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட கட்டணம் கிடையாது. பில் இல்லாட்டியும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்ஆப் பேச்சு, டாக்டர் சீட்டு, கழுத்து ஃபோட்டோ எல்லாம் தேதியோட வச்சிருக்கேன், நீங்களும் மாட்டியிருந்தா எதையும் டெலீட் பண்ணிடாதீங்க.

கழுத்துல முடி வந்துடுச்சு. ஹை-ஃபைவ் மட்டும் இன்னும் முடியல, கைய மேல தூக்கினா இப்பவும் பதுங்குது, அதனால அந்த ட்ரிக்க விட்டுட்டோம். அதுக்குப் பதிலா பொண்ணு தரைல உக்காந்து உள்ளங்கைய கீழ விரிச்சு வச்சு காத்துக்கிட்டு இருப்பா, ஜாங்கிரி அதுவா வந்து தாடைய அதுல வைக்கும். நேத்து பத்து செகண்ட் வச்சிருந்துச்சு.