முதுமலை வேன் சவாரி: புல்லைப் பார்த்து மாதம் குறியுங்கள்

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் தெப்பக்காட்டில் ஏறினால் வனத்துறை வேனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புலி ஒன்றையே எதிர்பார்த்து ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முகம் வாடித்தான் இறங்குகிறார்கள். புல்லும் மரமும் கலந்து வளரும் இலையுதிர் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

எப்போது போவது என்பதைப் புல்தான் சொல்லும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை புல் ஆளுயரம் நிற்கும். பத்தடியில் படுத்திருக்கும் கடமானின் காதுகூடத் தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில் அதே புல் சருகாகி, ஒரு பொறி போதும் என்ற நிலைக்கு வந்துவிடும். தீக்குப் பயந்து அப்போது சவாரியை நிறுத்துவதும் உண்டு, விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். கோடை மழை இரண்டு மூன்று விழுந்த பிறகு, மே மாதம்தான் சரியான நேரம். கணுக்கால் உயரத் தளிருக்குப் புள்ளிமானும் காட்டுமாடும் வெட்டவெளிக்கு வரும். ஊட்டி சீசன் கூட்டமும் அப்போதுதான், அதனால் காலை முதல் சவாரியே நல்லது. மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே பக்கத்து ஊரான மசினகுடியில் தங்கிவிடுங்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

வண்டி நிற்கும்போது மரப்பட்டையைக் கவனியுங்கள். கருமருதின் பட்டை முதலைத் தோல்போலக் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். புல்தீயைத் தாங்குவது அந்தத் தடிப்புதான். பக்கத்திலேயே வெளிர் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வெக்காலி. நெல்லி காய்க்கும் பருவமென்றால் கிளையில் மந்தி இருக்கிறதா பாருங்கள். அது கடித்துப் போடும் காய்களுக்காகக் கீழே புள்ளிமான் காத்து நிற்கும். மான் தான் விழுங்கிய காயின் கொட்டையை அசைபோடும்போது வேறிடத்தில் துப்பிவிடும்; நெல்லி பரவுவது இப்படித்தான்.

மனதை வருத்துவது உண்ணிச்செடி. அது அடைத்த இடத்தில் நிழல் விழுந்து புல் மடிகிறது. புல் போனால் மான் மேய என்ன இருக்கிறது? தீ பிடித்தாலும் புதர் வழியே ஏறிக் கிளையைத் தொட்டுவிடும்.

புள்ளிமான் கத்தினால் உடனே பரபரக்க வேண்டாம், அது சின்ன அசைவுக்கும் கத்தும். கடமான் ஒரே திசையைப் பார்த்துக் காலைத் தட்டித் தட்டிக் கத்தினால் புலியோ சிறுத்தையோ பக்கத்தில் இருக்கலாம், ஓட்டுநரை நிறுத்தச் சொல்லுங்கள். பைனாகுலர், 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 போதும். இன்ஜின் அதிர்வில் 10 மடங்கில் படம் ஆடும்.