சுங்கை சிப்புட்டில் அக்காவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் இன்னமும் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கிருந்து கடிதம் வாங்கிப் போனால் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி. மெல்பர்ன்வாசியாகி, சிவப்பு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்ட எனக்கு அந்த விலை கிடையாது. ஆனால் நான் போனது அக்காவுக்காக.

அவளுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழப்பம் வந்தது பரம்பரைப் பரிசோதனையில். டவுனில் ஒரு தனியார் கிளினிக் 'ஜீன் டெஸ்ட் பேக்கேஜ்' விற்றது. "பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் எடுத்துடலாம், செலவப் பாத்துக்க" என்றார் அத்தான். சின்னவளுக்கு இன்னும் 16 முடியவில்லை.

கோலாலம்பூரில் பார்த்த மரபியல் ஆலோசகர் பெண் அதைத் தடுத்துவிட்டார். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்தவர்தான். மாறினால் மார்பக, சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற ஜீன்களில் அக்காவிடம் எந்த மாற்றம் என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதையே தேட முடியும். அது தெரியாமல் பிள்ளைக்கு எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது. சின்னவள் 18 ஆன பிறகு தானே முடிவு செய்யட்டும் என்றார்.

பிறகு ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்சத்தை வரைய ஆரம்பித்தார். யார், எந்த வயதில், எதனால் இறந்தார்? எஸ்டேட் தோட்டத்தில் செத்தவர்களுக்கு இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்! பெரிய அத்தை 'வயித்துக் கட்டி'யில் போனாள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கிழவியைக் கேட்டால், கடைசியில் வயிறு நீர் கோத்து வீங்கியது என்கிறாள். சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 44 விழுக்காட்டினருக்கு அது வருகிறது; மார்பகப் புற்று 72 விழுக்காட்டினருக்கு.

"அத்தை அப்பா வழியாச்சே, பொம்பள சீக்கு அந்தப் பக்கமிருந்து எப்படி வரும்?" என்றார் அத்தான். வரும். அப்பாவிடம் மாற்றம் இருந்தால் மகளோ மகனோ, ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தக் கணக்கில் நானும் உண்டு, மெல்பர்னில் இருக்கும் என் மகளும் உண்டு.

அக்காதான் தயங்கினாள். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். கடைசியில் ரத்தம் கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு: "ரிசல்ட் எனக்குத்தான் மொதல்ல. பிள்ளைங்ககிட்ட நானே சொல்வேன். நீ குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுடாத." நியாயம்தான். ஆனாலும் ஆலோசகர் இதை இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினார். சொல்லும் பாரத்தைக் கீமோவில் முடி கொட்டிய ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டார்.

தோட்டம் மூடியபின் அத்தை பிள்ளைகள் கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போனார்கள். மாற்றம் இருந்தால் அவர்களுக்கு நான் போன் போடுகிறேன் என்றிருக்கிறேன். அக்கா சரி என்கிறாள். அத்தான் கல்யாணம் முடியட்டும் என்கிறார்.