பழைய லேப்டாப்பில் ஊழியர் தேடல்: எலாஸ்டிக்சர்ச்சா, மெய்லிசர்ச்சா, போஸ்ட்கிரெஸா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி என்று நல்ல நிலையில் உள்ள மெஷின்கள் ஆபீஸ் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. லினக்ஸ் போட்டு, பெயரை அடித்தால் பிரிவும் மாடியும் எக்ஸ்டென்ஷன் நம்பரும் வருகிற தேடல் ஒன்றை அவற்றில் அமைத்துவிடலாம்.

பலருக்கும் முதலில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள்தான் நினைவுக்கு வரும். மூன்று லேப்டாப்பைக் கோத்துவிட்டால் ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். ஆனால் ஜாவாவில் ஓடுவது. ராமை நிறையக் கேட்கும். கோடிக்கணக்கான லாக் வரிகளுக்கு (சர்வர்கள் எழுதும் பதிவுகளுக்கு) சரி, இரண்டாயிரம் பேர் பட்டியலுக்கு எதற்கு? மெய்லிசர்ச் என்ற இன்னொரு தேடல் மென்பொருள் ஒரே லேப்டாப்பில் லேசாக ஓடும், அடிக்க அடிக்க முடிவு வரும்.

நம் ஊர் ஆபீஸில் தேடல் தடுக்கி விழுவது பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கில்தான். லக்ஷ்மியை ஒருவர் கே-எஸ்-எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எக்ஸ் போடுவார். ஒன்றை மற்றொன்றாக்க மூன்று எழுத்துத் திருத்தம் வேண்டும். எலாஸ்டிக்சர்ச் அதிகபட்சம் இரண்டைத்தான் பொறுக்கும். மெய்லிசர்ச் இந்த நீளப் பெயருக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். மாற்று ஸ்பெல்லிங் பட்டியலை நாமே எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டிலும் லக்ஷ்மி மேடம் அகப்பட மாட்டார்.

போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம். அதன் டிரைகிராம் என்ற கூடுதல் வசதி பெயரை மும்மூன்று எழுத்தாக நறுக்கி ஒப்பிடும். இந்த இரு ஸ்பெல்லிங்குக்கும் மொத்தம் 11 துண்டுகள், பொதுவானவை 3, அதாவது ஒற்றுமை மதிப்பெண் 0.27. பொருத்தம் என்று ஏற்க அதன் வழக்கமான குறைந்தபட்ச வரம்பு 0.3 என்பதால் அப்படியே விட்டால் இதுவும் கோட்டை விடும். ஆனால் 0.25-க்கு இறக்க ஒரே வரி போதும். முருகேசனில் ஜி போட்டாலும் கே போட்டாலும் 0.54, தொல்லையே இல்லை. வரம்பை இறக்கினால் சம்பந்தமில்லாத பெயர்களும் ஒட்டிக்கொண்டு வரும். மதிப்பெண்படி அடுக்கினால் அவை பெரும்பாலும் அடியில் போய்விடும்.

என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கே. ஒரு லேப்டாப்பில் தரவு, இன்னொன்றில் அதன் நகல். முதலாவது படுத்தால் இரண்டாவதை முதன்மையாக நாமே கையால் மாற்றிவிட வேண்டும். இந்த வேலைக்கு அது பரவாயில்லை.

அப்புறம், எதைப் போட்டாலும் வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். கரன்ட் போனால் பேட்டரியே யூபிஎஸ். ஆனால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அந்த மெஷினை ஓட்டாதீர்கள். ஊழியர்களின் வீட்டு முகவரியையும் சொந்த நம்பரையும் இதில் ஏற்றவே வேண்டாம்.