மோசியா, மாக்பை பாலமா? சீனச் செயற்கைக்கோள்களின் இரண்டு பெயர்கள்

சீனா விண்கலங்களுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு வழி உண்டு: ஒன்று வரலாற்று மனிதர், இன்னொன்று பழங்கதை. எது சிறந்தது என்று கேட்டால் என் ஓட்டு முதலாவதுக்குத்தான்.

2016 ஆகஸ்டில் ஏவிய குவாண்டம் செயற்கைக்கோளின் (ஒளித்துகள் போன்ற மிக நுண்ணியவற்றின் இயல்பைச் சோதிப்பது) பெயர் மோசி. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தத்துவவாதி அவர். இருட்டறையின் சின்னத் துளை வழியே ஒளி நுழைந்தால் எதிர்ச்சுவரில் உருவம் தலைகீழாக விழும், ஏனென்றால் ஒளி நேர்கோட்டில் போகிறது என்று அவர் மரபினரின் நூல் அப்போதே விளக்கிவிட்டது. அதே ஒளியை வைத்துத்தான் 2017இல் இந்தச் செயற்கைக்கோள், பின்னிப் பிணைந்த, அதாவது எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒன்றின் நிலை மற்றதோடு தொடர்புபட்டே இருக்கும் ஒளித்துகள் இணைகளை 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு அனுப்பிக் காட்டியது. பெயரைக் கேட்டுவிட்டு யார் இந்த மோசி என்று தேடும் பிள்ளைக்கு அறிவியலும் சேர்ந்து கிடைக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் 2018 மே மாதம் ஏவிய ச்சுவேச்சியாவ், அதாவது மாக்பை பாலம். பால்வெளி பிரித்துவைத்த காதலர் இருவரும் ஆண்டுக்கு ஒருநாள் சந்திக்க மாக்பை பறவைகள் பாலமாக நிற்குமாம். நிலவின் மறுபக்கத்தில் இருந்து பூமியோடு நேரடியாகப் பேச முடியாது, இரண்டையும் பார்க்க முடிகிற இடத்தில் நின்று செய்தி கடத்துவது இந்தச் செயற்கைக்கோள். பொருத்தம் அருமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அது வேலையை மட்டும்தான் சொல்கிறது. மோசி என்ற பெயர் அந்த அறிவு எங்கே தொடங்கியது என்பதையும் சொல்கிறது.